மாணவியா, வேலைக்காரியா?

வீட்டில் ஒருவர் நோயாய்ப் படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துத் திரும்பினால், குடும்பத்தார் டாக்டரின் பெயரைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "அந்த மகானுடைய கைராசி!" என்பார்கள். நடுநிசியில் வந்து நாடியைப் பார்த்து, வியர்வையில் நனைந்த துணியை மாற்றி, "கொஞ்சம் பொறுங்கள், விடிந்துவிடும்" என்று ஆறுதல் சொன்ன நர்ஸின் பெயரோ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே மறந்துபோகிறது. இது உலக வழக்கம். குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், அந்தப் பெண்ணுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார்? எந்த நாடி இயல்பானது, எந்த நாடி டாக்டரை உடனே எழுப்ப வேண்டியது என்று அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? அந்தப் பள்ளிக்கூடம் உண்மையிலேயே பள்ளிக்கூடந்தானா? இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கற்றுக்கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட என் போன்றவர்களுக்காவது இவை எழ வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்விகளைப் பல வருஷ காலம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மாது ஒருவர் உண்டு. கனடாவில் பிறந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உழைத்த மேரி அடிலெய்டு நட்டிங் அம்மையாரே அவர். நோயாளியின் கட்டிலருகே தொடங்கிய அவருடைய தொழில், சர்வகலாசாலைப் பேராசிரியை ஆசனத்தில் போய் முடிந்தது. நர்ஸ் ஒருவருக்குப் பேராசிரியைப் பதவி கிடைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. இதைப் பதவி உயர்வின் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். நோயாளிகளிடம் அவ்வளவு பரிவு கொண்டவர் ஏன் கட்டிலருகை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார் என்பதிலேதான் இந்தச் சரித்திரத்தின் சாரம் இருக்கிறது.

சங்கீத ஆசிரியை

அம்மையார் 1858-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதி, கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் பிறந்தார். வாட்டர்லூ என்னும் சிற்றூரில் வளர்ந்தார். இளமையில் அவர் விரும்பிப் பயின்றவை சங்கீதமும் சித்திரமும். 1882-ல் நியூபவுண்ட்லாந்து தீவில் செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் சங்கீத ஆசிரியையாகச் சிறிது காலம் வேலை பார்த்தார். 1884-ல் தாயார் காலமானார். அந்த அன்னையின் கடைசி நாட்களில் அருகிருந்து பணிவிடை செய்தவர் இந்த மகள்தான்.

1889-ல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதே வருஷம் அதனோடு சேர்ந்து நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. அதன் முதல் வகுப்பில் சேர்ந்த பெண்களில் நட்டிங் ஒருவர். அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது நிறையும் தறுவாய். "இனிமேலா படிப்பு?" என்று ஊரார் கேட்கக்கூடிய வயது. ஆனால், வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தவர் என்பதனாலேயே, பள்ளியில் நடப்பதைப் பார்க்கும் கண்ணும் அவருக்கு இருந்தது.

பள்ளியின் தலைவியாக இருந்தவர் இஸபெல் ஹாம்ப்டன். அவரும் கனடா தேசத்தவர். நர்ஸாவதற்கு முன்பு பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். நட்டிங் 1891-ல் தேறி, இரண்டு வருஷம் வார்டுத் தலைமை நர்ஸாக வேலை பார்த்தார். 1893-ல் ஹாம்ப்டனுக்கு உதவியாளரானார். 1894-ல் ஹாம்ப்டன் விவாகம் செய்துகொண்டு பதவியை விட்டு விலகினார். அந்த இடத்துக்கு நட்டிங் வந்தார். ஐந்தே வருஷங்களில் மாணவி, தலைவியானார்.

அவருக்குக் கிடைத்தவை உண்மையில் இரண்டு பதவிகள். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் எல்லோருக்கும் மேலதிகாரி என்பது ஒன்று. பயிற்சிப் பள்ளியின் தலைமையாசிரியை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே ஆள் வகிப்பதுதான் அக்காலத்து ஏற்பாடு. இதில் என்ன கெடுதல் என்று தோன்றலாம். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு உடற்கூறு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மணிக்கு வார்டில் டைபாய்டு நோயாளிகள் பத்துப் பேர் புதிதாக வந்து சேர்கிறார்கள். தலைமையாசிரியை, "பெண்களை வகுப்புக்கு அனுப்பு" என்கிறாள். மேலதிகாரி, "வார்டை விட்டு யாரும் நகரக் கூடாது" என்கிறாள். இருவரும் ஒரே மனுஷி! எந்தக் குரல் ஜயிக்கும் என்று சொல்ல வேண்டுமா? நோயாளி கண்முன்னே முனகுகிறான். பாடப் புத்தகம் முனகாது. வகுப்பு நாளைக்குத் தள்ளிப் போகும். நாளைக்கும் நோயாளிகள் வருவார்கள்.

குருகுலத்தில் தண்ணீர் சுமந்தவர்கள்

இந்த வியாதியின் மூலத்தை அறிய 1860-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஒன்று பதினைந்து மாணவிகளோடு தொடங்கியது. கிரிமியா யுத்தத்தில் அவர் செய்த தொண்டுக்கு நன்றியாக ஜனங்கள் கொடுத்த சுமார் 45,000 பவுன் நிதி அப்பள்ளிக்கு ஆதாரமாக இருந்தது. கோயில் பூஜைக்குக் கட்டளை வைப்பதுபோல, படிப்புக்கென்றே ஒதுக்கிவைத்த பணம் அது.

அமெரிக்காவில் 1873-ல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று ஊர்களில் இந்த மாதிரியைப் பின்பற்றிப் பள்ளிகள் தோன்றின. உடையைப் பின்பற்றினார்கள்; ஒழுங்கைப் பின்பற்றினார்கள்; கட்டளையை மட்டும் பின்பற்றவில்லை. தனி நிதி இல்லாத பள்ளிகள் நாளடைவில் ஆஸ்பத்திரிகளின் சமையற்கட்டு, சலவைக்கட்டுகளைப்போல மற்றோர் இலாகாவாக ஆகிவிட்டன. ஆஸ்பத்திரிக்காரர்களும் சீக்கிரத்தில் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள்: தேர்ந்த நர்ஸ்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதைவிட, ஒரு பள்ளியை ஆரம்பித்து மாணவிகளை வைத்து வார்டுகளை நடத்துவது மிகவும் மலிவு! இரண்டு வருஷம் வேலை வாங்கலாம். படித்துத் தேறியவுடன் வெளியே அனுப்பிவிட்டுப் புது மாணவிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தேறியவர்களில் பெரும்பாலோர் தனவந்தர் வீடுகளில் நோயாளிகளைக் கவனித்துப் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஏழைகளைக் கவனித்ததெல்லாம் படிப்பு முடியாத பெண்களே.

இந்த லாபக் கணக்கின் விளைவை எண்களே சொல்லும். 1880-ல் அமெரிக்காவில் இருந்த நர்ஸ் பள்ளிகள் 15. 1900-ல் 432. 1910-ல் 1,129. கல்வியின் மேல் திடீரென்று அவ்வளவு ஆசை பிறந்துவிட்டதா என்ன?

நம் நாட்டுக் குருகுலங்களிலும் சிஷ்யர்கள் தண்ணீர் சுமந்தார்கள், விறகு பிளந்தார்கள், மாடு மேய்த்தார்கள். அதை யாரும் குறைவாக எண்ணியதில்லை. பணிவிடையினால் பணிவும், பணிவினால் வித்தையும் வரும் என்பது பெரியோர் கொள்கை. ஆனால், காலை முதல் இரவு வரை தண்ணீர் சுமக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தை மறந்துபோகிற குருவை நாம் குரு என்று அழைப்போமா? அவர் எஜமானர், அந்தப் பிள்ளை கூலியில்லா வேலைக்காரன். நட்டிங் அம்மையார் தம் காலத்துப் பள்ளிகளில் கண்டது இதைத்தான்.

பால்டிமோரில் செய்தது

மனத்தில் பட்டதை உடனே மேடையேறிச் சொல்லிவிடும் சுபாவம் அவருக்கு இல்லை. முதலில் கணக்கெடுத்தார். பல பள்ளிகளுக்கும் எழுதி, மாணவிகள் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வார்டில் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார். பத்து மணிக்கும் மேற்பட்ட உழைப்பு சர்வ சாதாரணமாக இருந்தது. பகலெல்லாம் நின்று உழைத்த பெண்கள் இரவில் பாடம் கேட்க உட்கார்ந்து தூங்கி விழுந்தார்கள். 1896-ல் தலைமை நர்ஸ்களின் சங்கத்தில் இந்த விவரங்களை அவர் எடுத்து வைத்தார்.

பிறருக்கு உபதேசம் செய்வதோடு நிற்காமல், அதே காலத்தில் தம் பள்ளியில் மாறுதல்களையும் செய்தார். படிப்பு இரண்டு வருஷத்திலிருந்து மூன்று வருஷமாயிற்று. வார்டு வேலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுக்கப்பட்டது. மாணவிகளின் கைச்செலவுக்கு மாதந்தோறும் கொடுத்துவந்த சிறு தொகையையும் நிறுத்தினார்.

கடைசியாகச் சொன்னது விசித்திரமாகத் தோன்றும். வேலை நேரத்தைக் குறைத்தது நியாயம்; கொடுத்த பணத்தை நிறுத்துவது என்ன நியாயம்? அம்மையாரின் கருத்து இது: அந்தச் சிறு தொகையைக் கொடுக்கும் வரையில் ஆஸ்பத்திரி, "நாங்கள்தான் சம்பளம் கொடுக்கிறோமே!" என்று சொல்லும். சம்பளம் என்ற சொல் வந்துவிட்டால் மாணவி வேலைக்காரி ஆகிவிடுகிறாள். பணம் வேண்டாம், படிப்பைக் கொடு என்று கேட்கும் உரிமை மாணவிக்கு வேண்டும். இதில் ஏழைப் பெண்களுக்குச் சிரமம் உண்டு என்பது வெளிப்படை. அதைச் சிறிதளவாவது ஈடு செய்யப் படிப்புதவி ஏற்பட்டது. ஆயினும், வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கே இந்த வழி சுலபமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொழிலின் கௌரவத்தை உயர்த்தும்போது வாசலைக் குறுக்கிவிடாமல் இருப்பது எப்படி என்ற சிக்கல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

1901-ல் மற்றொரு முக்கியமான மாறுதல் நடந்தது. அதுவரையில் மாணவி சேர்ந்த சில நாட்களுக்குள் நோயாளியிடம் அனுப்பப்படுவாள். அவன் உடம்பிலேயே அவள் பழகிக்கொள்ள வேண்டும். அம்மையார் ஆறு மாதப் பூர்வாங்கப் படிப்பை ஏற்படுத்தினார். உடற்கூறு, உடலியங்கும் முறை, சுகாதாரம், நோயாளிக்கேற்ற உணவு, வீட்டு நிர்வாகம் இவற்றை முதலில் கற்ற பிறகே வார்டுக்குள் நுழைய வேண்டும். நீச்சல் தெரியாத குழந்தையை ஆற்றில் தள்ளிவிட்டுப் "பழகிக்கொள்" என்பது ஒரு முறை. கரையில் நின்று கையைக் காலை அசைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறக்குவது வேறொரு முறை. இந்த இரண்டாவது முறையில் பிழைக்கிறவர் மாணவி மட்டுமல்ல, நோயாளியுந்தான்!

"ரொம்பப் படித்தால் நர்ஸ் கெட்டுப்போவாள், டாக்டரை எதிர்த்துப் பேசுவாள், பாத்திரம் கழுவ மாட்டாள்" என்று சில வைத்தியர்களும் நிர்வாகிகளும் முணுமுணுத்தார்கள். பெண்கள் எதைப் படிக்கப் புறப்பட்டாலும் இந்தப் பல்லவி ஒலிப்பதை நம் நாட்டிலும் நாம் கேட்டிருக்கிறோம்.

ஆசிரியைகளுக்கு ஆசிரியை

ஒரு பள்ளியைச் சீர்திருத்திவிடலாம். ஆயிரம் பள்ளிகளை என்ன செய்வது? ஒவ்வொன்றுக்கும் நல்ல தலைமையாசிரியை வேண்டும். வார்டில் கெட்டிக்காரியாக இருப்பவள் வகுப்பிலும் கெட்டிக்காரியாக இருப்பாள் என்ற நிச்சயம் இல்லை. நன்றாகப் பாடுகிறவர்களெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட முடிவதில்லையே! சங்கீத ஆசிரியையாக இருந்த நட்டிங் அம்மையாருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை உணர்ந்த தலைமை நர்ஸ்கள், இஸபெல் ஹாம்ப்டன் முன்னின்று நடத்த, 1899-ல் நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசிரியர் கலாசாலையில் ஒரு விசேஷப் படிப்பை ஆரம்பித்தார்கள். அனுபவம் பெற்ற நர்ஸ்களுக்கு ஆஸ்பத்திரி நிர்வாகமும் கற்பிக்கும் முறையும் சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கம். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் இரண்டே பேர்! தலைமை நர்ஸ்கள் தங்கள் வேலைகளுக்கிடையே வந்து பாடம் நடத்தினார்கள். அப்படிச் சில வருஷங்கள் தள்ளாடி நடந்தது அந்த வகுப்பு.

1907-ல் அதற்கு முழுநேரத் தலைவியாக நட்டிங் அம்மையாரை அழைத்தார்கள். அவர் பால்டிமோரைவிட்டு நியூயார்க் சென்று பேராசிரியை ஆனார். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர், பட்டதாரிகளுக்குப் பாடம் சொல்லும் ஆசனத்தில் அமர்ந்தார். பெண்களுக்குக் கல்லூரிக் கதவு அரிதாகவே திறந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். தமக்குக் கிடைக்காததைத் தமக்குப் பின் வருகிறவர்களுக்குக் கிடைக்கச் செய்வதே அவருடைய தொழிலாயிற்று. பிற்பாடு, 1922-ல், யேல் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ எம்.ஏ. பட்டம் அளித்தது.

1910-ல், ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்னும் சீமாட்டியின் நன்கொடையால், அந்த வகுப்பு "நர்ஸிங், சுகாதாரம்" என்ற தனித் துறையாக வளர்ந்தது. இங்கேயும் கவனியுங்கள்: கட்டளை வந்தது, கல்வி நிலைத்தது. ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்வதோடு, ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நோயைத் தடுக்கும் சுகாதார நர்ஸ்களுக்கும் இத்துறையில் பயிற்சி கிடைத்தது. நியூயார்க்கில் குடியேறிய ஏழை ஜனங்களிடையே தொண்டு செய்துகொண்டிருந்த லிலியன் வால்டு அம்மையாரின் ஹென்றி தெரு நிலையம் இதற்கு உறுதுணையாக இருந்தது.

லவினியா டாக் என்ற தோழியோடு சேர்ந்து நட்டிங் எழுதிய நர்ஸிங் சரித்திரத்தின் முதல் இரண்டு பாகங்கள் 1907-ல் வெளியாயின. வார்டு வேலைக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். தன் தொழிலுக்கு முன்னோர் உண்டு என்று அறிந்தவள் தலை நிமிர்ந்து நிற்பாள். அறியாதவள், சொன்னதைச் செய்துவிட்டுப் போவாள்.

வினிபெக் நகரத்திலிருந்து 1908-ல் அந்த வகுப்புக்கு ஒரு பெண் வந்தார். இஸபெல் ஸ்டூவர்ட் என்பது அவர் பெயர். அவரும் நர்ஸாவதற்கு முன் பள்ளியாசிரியையாக இருந்தவரே. மாணவியாக வந்தவர் உதவியாளராகி, 1925-ல் நட்டிங் ஓய்வு பெற்றபோது அவருடைய ஸ்தானத்துக்கு வந்தார். ஹாம்ப்டன், நட்டிங், ஸ்டூவர்ட் என்னும் இந்தக் குரு பரம்பரையில் மூவரும் முன்பு பள்ளிகளில் பாடம் சொன்னவர்கள் என்பது எங்கள் தொழிலுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

உண்மையை எழுதி வைத்தார்

1910-ல் அமெரிக்க வைத்தியப் பள்ளிகளைப் பற்றி ஆபிரகாம் பிளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை வெளியாகிப் பெரிய கிளர்ச்சியை உண்டாக்கியது. உதவாக்கரைப் பள்ளிகள் பல மூடப்பட்டன. நர்ஸ் பள்ளிகளையும் இப்படியே ஆராய வேண்டும் என்று கார்னீகி நிதியை நர்ஸ்கள் கேட்டுக்கொண்டார்கள். பலிக்கவில்லை. அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை. தாமே விவரங்களைத் திரட்டி எழுதினார். 1912-ல் அமெரிக்க அரசாங்கத்தின் கல்வி இலாகா அந்த அறிக்கையை வெளியிட்டது. பள்ளி என்ற பெயரில் நடப்பவற்றில் எத்தனையோ இடங்களில் சம்பளம் பெறும் ஆசிரியைகளே இல்லை என்பதும், வேலை நேரம் நீள்வதும், வார்டின் அவசரத்துக்குப் பாடம் பலியாவதும் அரசாங்க முத்திரையோடு வெளியே வந்தன.

1917-ல் பள்ளிகளுக்கெல்லாம் வழிகாட்டியாக மாதிரிப் பாடத்திட்டம் ஒன்று வெளியாயிற்று. அதைத் தயாரித்த குழுவுக்கு அவர் தலைவி. அதே வருஷம் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. "இப்போது படிப்பாவது, பாடமாவது! கை கால் உள்ள பெண்களையெல்லாம் சில வாரம் பழக்கி அனுப்புங்கள்" என்ற கூச்சல் எழுந்தது. தேசப் பாதுகாப்புச் சபையின் நர்ஸிங் குழுவுக்குத் தலைமை வகித்த அம்மையார் இதற்கு இணங்கவில்லை. காயம்பட்ட சிப்பாய்க்கு அரைகுறை நர்ஸ் போதுமா? படித்த பெண்களை நர்ஸ் படிப்புக்கு அழைப்பதே சரியான வழி என்றார். 1918-ம் வருஷக் கோடையில் வாஸர் கல்லூரியில் நடந்த பயிற்சி முகாமுக்கு நானூற்றுக்கும் மேற்பட்ட பட்டதாரிப் பெண்கள் வந்தார்கள். ராணுவமும் அதே வருஷம் தனக்கென்று முறையான நர்ஸ் பள்ளியைத் தொடங்கியது.

யுத்தம் முடிந்த பிறகு ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியால் அவர் விரும்பிய விசாரணை நடந்தது. ஜோஸபின் கோல்டுமார்க் அம்மையார் எழுதிய அந்த அறிக்கை 1923-ல் வெளியாயிற்று. மாணவியின் கல்வி ஆஸ்பத்திரியின் தேவைக்குப் பலியிடப்படுகிறது, பள்ளிகளுக்குத் தனி நிதி வேண்டும் என்று அது கூறியது. இருபத்தேழு வருஷங்களுக்கு முன் நட்டிங் கணக்கெடுத்துக் காட்டிய அதே வியாதி! அதே 1923-ல் யேல் சர்வகலாசாலையில் தனி நர்ஸிங் பள்ளி ஏற்பட்டது. அதன் முதல் தலைவியான ஆனி குட்ரிச், நட்டிங்கின் துறையில் சில காலம் ஆசிரியையாக இருந்தவர். கிளீவ்லாந்து நகரில் பிரான்ஸஸ் போல்டன் அம்மையாரின் நன்கொடையால் மற்றொரு சர்வகலாசாலைப் பள்ளியும் அப்போதே உருவாயிற்று.

ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இவை ஒன்றிரண்டுதான். அம்மையார் ஓய்வு பெற்ற 1925-ல் பெரும்பாலான பள்ளிகள் ஆஸ்பத்திரிகளின் பிடியிலேயே இருந்தன. அவர் வென்றார் என்று சொல்வது உபசாரமாகவே இருக்கும். எதை வெல்ல வேண்டும் என்று திட்டமாகக் காட்டினார் என்பதே உண்மை. 1943-ல், இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, அதே போல்டன் அம்மையார் கொண்டுவந்த சட்டத்தால் அமெரிக்க அரசாங்கம் நர்ஸ் மாணவிகளின் படிப்புச் செலவை ஏற்றது; ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதனால் படித்துத் தேறினார்கள். கட்டளை கடைசியில் அரசாங்கத்தின் கையால் வந்தது. அதைப் பார்க்க எண்பத்து நான்கு வயதில் நட்டிங் உயிரோடு இருந்தார். 1944-ல் அமெரிக்க நர்ஸிங் கல்விக் கழகம் அவர் பெயரால் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தி, முதல் பதக்கத்தை அவருக்கே வழங்கியது. 1948 அக்டோபர் 3-ம் தேதி அவர் காலமானார்.

நம் வீட்டுப் பெண்கள்

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அமெரிக்காவின் முதல் மூன்று பள்ளிகளுக்கு இரண்டு வருஷம் முன்பே, 1871-ல், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1909-ல் நர்ஸ் பள்ளியை ஏற்படுத்தினார். ஆனாலும் 1946-ல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது, இந்தியாவில் இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். அதாவது 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ்! வேலை கடினம், ஊதியம் சொற்பம், மரியாதை அதைவிடச் சொற்பம். "ஊரார் மலஜலம் எடுக்கவா பெண்ணைப் பெற்றோம்?" என்று படித்த குடும்பங்களே முகம் சுளித்தன. அன்னியர் தொட்டு வளர்த்த தொழில் என்று ஒதுங்கி நின்றுவிட்டு, நம் நோயாளிகளைக் கவனிக்க ஆள் இல்லை என்று பிறகு நாமே புலம்பினோம்.

அந்த 1946-ம் வருஷத்திலேதான் வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங் பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. 1947-ல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது. 2023-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றும் நிறைவேறியது. இன்று நம் ஊர்களில் நர்ஸிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கட்டிடம் இருக்கிறது, பலகை இருக்கிறது, பட்டம் இருக்கிறது. ஆகையால் நட்டிங் அம்மையாரின் கேள்விக்கு அவசியம் தீர்ந்துவிட்டதா?

நம் பெண்ணை இந்தப் படிப்புக்கு அனுப்பும் பெற்றோர், விடுதிச் சாப்பாட்டையும் வெளிதேச வேலையையும் பற்றி விசாரிப்பதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். வார்டில் நம் பெண் வேலை செய்யும்போது, பிழையைத் திருத்திச் சொல்லிக்கொடுக்க ஆசிரியை ஒருவர் அருகே நிற்கிறாரா? வார்டில் ஆள் குறைந்த நாளில் வகுப்பு நடக்கிறதா, நிற்கிறதா? படிப்புக்கென்று வாங்கும் பணம் படிப்புக்கே செலவாகிறதா? இந்த மூன்றுக்கும் கூசாமல் பதில் சொல்லும் இடம் பள்ளிக்கூடம். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு வேறு பெயர் இருக்கிறது.

இது பெண்ணைப் பெற்றவர்களின் கவலை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அரைகுறையாகக் கற்றவள் ஒரு நாள் நடுநிசியில் வந்து நாடி பார்க்கப்போவது நம்மில் ஒருவருக்குத்தான்.